வருத்தமில்லை என்று ஒரு வரி

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தின் தலையில் ‘அன்புள்ள’ என்று போடுவார்கள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அந்தச் சொல் மட்டும் எழுத வரவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. வேலை போனது எனக்குத்தானே, நீ நலமாகத்தான் இருப்பாய்.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். போன வாரம் என் தங்கச்சி குறுக்கே வந்து, “ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. என் காதுக்காவது கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்” என்றாள். அவள் சொல்லுக்காக எழுதுகிறேன். உனக்காக இல்லை.

இங்கே ஒரு குடோன் வாசலில் காவல் வேலை. உள்ளே வருகிற லாரியின் நம்பரை எழுத வேண்டும், வெளியே போகிற லாரியின் நம்பரை எழுத வேண்டும். இரண்டு லாரிக்கும் நடுவில் பேச ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அட்டைப்பெட்டி கம்பெனியில் கட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசிப் பழகின தொண்டை. நேற்று ஒரு டிரைவரிடம் சாதாரணமாகத்தான் நம்பர் கேட்டேன். “எதுக்கு சார் திட்டுறீங்க?” என்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மேல்முறையீடு மார்ச் 20-ஆம் தேதி எடுக்கிறார்கள். சங்கத்துக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “பாதிக்கப்பட்டவரே வந்து, எனக்கு இதுல வருத்தம் இல்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா, அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.” பாதிக்கப்பட்டவர் என்றால் யார் என்று ஒரு நிமிஷம் முழித்தேன். நீதானாம்.

உன் டீ குவளையில் நான் சிவப்புப் பெயின்டால் ‘நொண்டி’ என்று எழுதியபோது நீ எங்கே இருந்தாய்? என் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நின்றாய். “எழுத்து கோணலா இருக்கு, நேரா எழுதுடா” என்று சொன்னது உன் வாய்தானே? அந்த ஷெட்டில் யாருக்குத்தான் பட்டப்பெயர் இல்லை? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரே பெயரில் நாலு பேர் திரும்புவார்கள், சத்தத்தில் அதுவும் பாதிதான் காதில் விழும். தினமும் தாமதமாக வருகிறவன் கடிகாரம். ஒல்லியாகச் சுவரோடு ஒட்டிப் போகிறவன் பல்லி. சூப்பர்வைசர் மாமியார். நிறுத்தாமல் பேசுகிற நான் ரேடியோ. புதிதாக வந்தவனுக்கு ஒரு வாரத்துக்குள் பட்டப்பெயர் விழவில்லை என்றால் அவனை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து பார்வையிட வந்த ஒரு அம்மா, ஆணியில் தொங்கிய உன் குவளையைப் போட்டோ எடுத்தார். பத்தே நாளில் கண்ணியக் குழு என்று ஒன்று முளைத்துவிட்டது. நான் உள்ளே போனபோது உன் குவளை பிளாஸ்டிக் பையில் நம்பர் ஒட்டி மேஜைமேல் இருந்தது. கொலை வழக்கில் கத்தியை வைப்பார்களே, அப்படி. தப்பு செய்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பிறகு ஒரு தாளைக் காட்டினார்கள். அதில் நீ கையெழுத்துப் போட்டிருந்தாய்.

என் தங்கச்சியை உனக்குக் கட்டிவைத்தது யார்? கால் சரியில்லாதவனுக்கா என்று அம்மா அழுதபோது, மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் சண்டை போட்டு, “அவன் கால் எப்படி இருந்தா உனக்கென்ன, ஆள் தங்கம்” என்று சம்மதிக்க வைத்தது யார்? உன்னைக் கேவலமாக நினைக்கிறவன் செய்கிற வேலையா அது?

ஒரு வரி, மாப்பிள்ளை. வருத்தமில்லை என்று ஒரே ஒரு வரி. எழுதி அனுப்பு.

ரேடியோ


பிப்ரவரி 18

அன்புள்ள மச்சானுக்கு,

உன்னால் போட முடியாததை நான் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் இதையும் கிழித்துக்கொள்.

வீட்டில் எல்லாரும் நலம். உன் தங்கச்சி என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். பாப்பாவுக்குப் பரீட்சை நடக்கிறது. “மாமா எப்ப வரும்?” என்று இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ஷெட்டைப் பற்றிக் கேட்பாய் என்று எழுதுகிறேன். குவளைகள் எல்லாம் போய்விட்டன. ஆணிகளைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது காகிதக் கப்பில் டீ, இரண்டு வாய்க்குக் காணாது. பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கும் என் மெஷினுக்கு நேர் எதிரே ஒரு தட்டி மாட்டியிருக்கிறார்கள். சொல்லக் கூடாத சொற்கள் நாற்பத்தொன்று, பக்கத்திலேயே அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை. ஏழாவது நான். தினமும் எட்டு மணி நேரம் என்னை நானே எழுத்தில் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறேன். முன்பு உன் வாயில் வந்து போகிற சொல்லாக இருந்தது, இப்போது சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள்.

மேலே கழிப்பறைக்கு ஒன்பது படி இருக்கிறதல்லவா? கைப்பிடி போட்டுத் தாருங்கள் என்று நானும் நீயும் மூன்று வருஷம் மனு கொடுத்தோமே. போன வாரம் ஆட்கள் வந்து அளவெடுத்தார்கள். கைப்பிடிதான் வருகிறது என்று நினைத்தேன். வந்தது பலகை. ‘மாற்றுத்திறனாளிகளை மாண்புடன் வரவேற்கிறோம்’ என்று நீல எழுத்தில் ஒன்பதாவது படிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். சுவரைப் பிடித்து ஏறி, மூச்சு வாங்கி நின்று, அதைப் படித்துவிட்டு உள்ளே போகிறேன்.

கடிகாரம் முன்பு என் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்பான். இப்போது தட்டோடு வந்து, “சார், இங்க உக்காரலாமா?” என்று கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்லியும் பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்காருகிறான். வாய் தவறிவிடுமோ என்று பயம். வாயே திறக்காவிட்டால் தவறாது அல்லவா? எனக்கு இப்போது புதுப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது தட்டியில் இல்லாததால் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ‘ஃபைல்’. “ஃபைல் வருது, பாத்துப் பேசு.” நம் சூப்பர்வைசர் மாமியார் சொல்லித்தான் தெரியும்.

நீ கேட்ட வரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மாப்பிள்ளை


பிப்ரவரி 24

மாப்பிள்ளைக்கு,

யோசிக்கிறாயா? என்ன யோசனை? நிலம் வாங்கப் போகிறாயா, பெண் பார்க்கப் போகிறாயா? இருபத்திரண்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவனுக்கு ஒரு வரி எழுத உனக்கு யோசனை வேண்டியிருக்கிறது.

பலகை கதை எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன், பிறகு வயிறு எரிந்தது. கைப்பிடி போட இரும்பு வேண்டும், ஆள் வேண்டும், இரண்டு நாள் வேலை நிற்கும். சொல்லை மாற்ற என்ன வேண்டும்? ஒரு தாள் போதும். அதனால்தான் அவர்களுக்குச் சொல் மேல் இத்தனை கரிசனம். உன்னை மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா, இனி உனக்கு வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. என்னைப் பார், நான் உன்னை நொண்டி என்று கூப்பிட்டேன், மழை நாளில் அந்த ஒன்பது படிக்கும் உன் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அவர்கள் கணக்கில் நான் குற்றவாளி, பலகை எழுதியவன் உத்தமன்.

இங்கே குடோனிலும் இந்த வியாதி வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்களை இனிமேல் ‘சரக்குக் கையாளும் தோழர்கள்’ என்று சொல்ல வேண்டுமாம். முதுகு அதே முதுகுதான். ஒருவர் என்னிடம், “தோழர்னு சொன்னதுக்கு அப்புறம் மூட்டை லேசாயிடுச்சா பாருங்க சார்” என்று என் தோளில் ஒன்றை வைத்தார். முட்டி இன்னும் வலிக்கிறது.

ஊரே இப்படி ஆகிவிட்டால் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள், சரி. யாரும் யாரையும் தொடவும் மாட்டார்கள். எல்லாரும் எல்லாரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, இவன் எப்போது நம்மைப் போட்டுக் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். நான் வேறு யாரையும் நினைக்க வேண்டியதில்லை. என் சொந்த மாப்பிள்ளையே போட்டுக் கொடுத்தான்.

இன்னும் இருபத்து நாலு நாள் இருக்கிறது. யோசி, நன்றாக யோசி.

ரேடியோ


மார்ச் 3

அன்புள்ள மச்சான்,

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். போனில் என்னால் சொல்லவே முடிந்திருக்காது.

குழு என்னைக் கூப்பிட்ட அன்று, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று உன் தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். படிக்காமல் போட்டேன் என்றும் சொன்னேன். அது பொய். படித்தேன். ‘தொடர்ந்து பல ஆண்டுகளாக மனவேதனை’ என்று அதில் இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அந்த அறையில் ஏசி ஓடியது. மெத்தை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். மனிதவள மேடம் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, “உங்களுக்கு எப்பவாவது, ஒரே ஒரு தடவையாவது கஷ்டமா இருந்திருக்கா சார்?” என்று கேட்டார். நாற்பத்தாறு வயசு வரைக்கும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நீ கேட்டதில்லை, உன் தங்கச்சி கேட்டதில்லை, என்னைப் பெற்றவள் கேட்டதில்லை. அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது, மச்சான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிடித்திருந்தது.

ஒரு தடவை கஷ்டமாக இருந்தது என்று சொன்னேன். அவர்கள் அதைப் பல ஆண்டுகளாக நீட்டிவிட்டார்கள்.

அந்த ஒரு தடவை எது என்று உனக்குத் தெரியாது. பாப்பாவுக்குப் பதினொரு வயசு, பள்ளியில் பரிசு கொடுத்த நாள். ஓட்டத்தில் இரண்டாவதாக வந்திருந்தாள். நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தோம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்றிருந்தார்கள். நீ மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து நின்று கத்தினாய். “டேய் நொண்டி! இங்க வாடா, உனக்கு இடம் போட்டு வெச்சிருக்கேன்!” மெஷின் ஓடுகிற ஷெட்டுக்கான குரல் அது. பந்தல் முழுக்கத் திரும்பியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

பாப்பா என் கையை விட்டாள். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் போய்ப் பிள்ளைகளோடு நின்றுகொண்டாள். நான் தனியாக நடந்து வந்து நீ போட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்தேன். நீ என் தொடையில் தட்டி, “ஓடுறதுல அப்பனை மாதிரியே” என்றாய். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஷெட்டில் நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வலித்தது என்று சொன்னால் பொய். பெரும்பாலும் ஒன்றும் தோன்றவில்லை, அது என் பெயர்தான். ஆனால் வருத்தமில்லை என்று எழுதினால் அதுவும் பொய். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் மாப்பிள்ளை


மார்ச் 8

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது.

முதல் நாள் கோபம்தான் வந்தது. அந்த நாற்காலியைப் பிடிக்க நான் ஒரு மணி நேரம் முன்னால் வந்தேன், தெரியுமா? உன்னால் நிற்க முடியாது என்று, துண்டைப் போட்டு வைத்து, மூன்று பேரிடம் சண்டை போட்டேன். ஒருத்தன் சட்டையைப் பிடிக்கவே வந்துவிட்டான். நீ வாசலில் தெரிந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் கத்தினேன்.

இரண்டாம் நாள் வேறு கோபம். ஐந்து வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து, “இனிமே வெளியில இப்படிக் கூப்பிட்டா பல்லை உடைச்சிடுவேன்” என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? நான் இரண்டு நாள் முறைத்திருப்பேன், அவ்வளவுதானே. என்னிடம் சொல்லாததைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த ஒருத்தரிடம் சொன்னாய்.

இன்று கோபம் இல்லை. லாரி நம்பரைத் தப்பாக எழுதித் திட்டு வாங்கினேன். பாப்பா கையை விட்டாள் என்று எழுதியிருந்தாயே, இன்று திரும்ப எடுத்தபோது அந்த இடத்துக்கு மேலே என்னால் படிக்க முடியவில்லை.

நீ எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். எனக்காகப் பொய் எழுத வேண்டாம். அப்பீல் என்ன ஆகிறதோ ஆகட்டும்.

ரேடியோ


மார்ச் 21

அன்புள்ள மச்சான்,

எழுத வேண்டாம் என்று நீ சொன்னதால்தான் எழுத முடிந்தது. நேற்று நானே போனேன்.

பொய் எழுதவில்லை. இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘எனக்கு ஒரு தடவை வருத்தம் ஏற்பட்டது உண்மை. அது எனக்கும் என் மச்சானுக்கும் நடுவில் உள்ள விஷயம். நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். நான் நொண்டிதான், மெஷின் பக்கத்தில் என்னை அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

மேடம் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! செத்த வீட்டில் பார்க்கிற மாதிரி. “நீங்க இப்படி எழுதுறதே உங்களுக்கு எவ்வளவு பாதிப்புன்னு காட்டுது சார்” என்றார். இல்லை மேடம், மனசாரத்தான் எழுதினேன் என்றேன். “ஆமா, பாதிக்கப்பட்ட எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க” என்றார். வலித்தது என்றால் நம்புகிறார்கள். மன்னித்துவிட்டேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். என் வலிக்கு நான்தான் சொந்தக்காரன் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொன்று கேள். விண்ணப்பத்தில் ஏழாவது சொல்லை எழுதிவிட்டேன் அல்லவா, அதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மூன்று நாள் வகுப்புக்கும் போகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று முதல் வகுப்பு. இரண்டு காலும் நன்றாக உள்ள ஒரு இளைஞர், நான் என்னை எப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். ஒன்பது படிக்குக் கைப்பிடி எப்போது வரும் என்று கேட்டேன். “அது கட்டடப் பிரிவு சார், நாங்க மனப்பான்மை மட்டும்தான்” என்றார்.

நீ கேட்டாயே, ஏன் உன் சட்டையைப் பிடிக்கவில்லை என்று. ஒரு நாள் பிடித்திருப்பேன், மச்சான். எனக்குள் அந்தச் சண்டை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. எப்போதாவது ஒரு நாள் இரண்டு பேரும் கட்டிப் புரண்டிருப்போம், உன் தங்கச்சி இருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றிப் பிரித்திருப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். என் சண்டையை அவர்கள் போட்டுவிட்டார்கள். அவர்கள் போட்டதால் சமாதானமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முடிவு உனக்குத் தனியாகத் தபாலில் வரும் என்றார்கள்.

உன் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முடிவு வந்துவிட்டது. வேலை உண்டு. ஒரு நிபந்தனையோடு.

வருகிற 13-ஆம் தேதி மெஷினை எல்லாம் நிறுத்தி, எல்லாரையும் கூடத்தில் உட்கார வைப்பார்களாம். நான் மேடையில் நின்று மன்னிப்புக் கடிதம் படிக்க வேண்டும். நான் எழுதுவதில்லை, அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு பக்கம். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நீ மேடையில் உட்கார்ந்திருப்பாய்.

அதில் ஒரு வரியைப் பார்: ‘நான் அறிந்தோ அறியாமலோ நிகழ்த்திய, மாண்பைக் குலைக்கும் மொழிசார் நடத்தைகளின் மூலம் ஏற்பட்ட பாதிப்புகளுக்குப் பொறுப்பேற்கிறேன்.’ ஐந்து தடவை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து அறைக்காரர் வந்து, “யாராவது இறந்துட்டாங்களா?” என்று கேட்டார். இந்த இரண்டு பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, பாப்பா இல்லை. நான் என்ன செய்தேனோ அதைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

ஆனாலும் படிக்கிறேன், மாப்பிள்ளை. வெட்கம் மானம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்த வாசலில் இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கு அந்த மெஷின் வேண்டும், அந்தச் சத்தம் வேண்டும். உன் டப்பாவும் வேண்டும்.

உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கடிதத்தில் கேட்க மாட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதினால் எனக்கும் குழுவுக்கும் என்ன வித்தியாசம்? 13-ஆம் தேதி பார்க்கலாம்.

தங்கச்சியிடம் சொல், அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்று.

உன் மச்சான்


ஏப்ரல் 18

அன்புள்ள மச்சான்,

குடோனுக்குப் போன் செய்தேன், நீ வேலைக்குத் திரும்பவில்லை என்றார்கள். உன் போன் அணைந்தே கிடக்கிறது. அறை முகவரிக்கே எழுதுகிறேன், பக்கத்து அறைக்காரர் உன்னிடம் சேர்த்துவிடுவார் என்று நம்புகிறேன்.

நீ நன்றாகத்தான் படித்தாய். முதல் பக்கம் முழுக்கத் தலை நிமிராமல் படித்தாய். இரண்டாவது பக்கத்தில் பாதியில் நிறுத்தித் தாளை மடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாய். “மாப்பிள்ளை, அன்னிக்கு ஸ்கூல்ல...” என்று ஆரம்பித்ததும் மைக்கை அணைத்தார்கள். மைக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மெஷின் நின்றுபோன அந்தக் கூடத்தில் உன் குரல் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது.

“பாப்பா கையை விட்டது எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது. அது தெரியாம உன் தொடையில தட்டிச் சிரிச்சேனே. என்னை மன்னிச்சுடுடா.”

பல்லி அழுதான். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம், “எழுதினதை மட்டும் படிங்க” என்றார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

நான் எழுந்தேன். நாற்காலியின் கையை ஊன்றிப் பாதி எழுந்தேன், நீயும் பார்த்தாய். போதும் வாடா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். மேடம் என் தோளில் கை வைத்தார். “நீங்க பதில் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல சார்.” அவர் அழுத்தவில்லை. அந்தக் கையில் ஒரு பலமும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

குழுவின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஐந்து நாளாகப் பார்க்கிறேன். போட முடியவில்லை. முதல் தடவை கையெழுத்துப் போட்டதும் நான்தான், இரண்டாவது தடவை உட்கார்ந்ததும் நான்தான்.

நீ தாளை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து, வெளியே போனாய். நிபந்தனையை மீறியதாக எழுதி அன்றைக்கே ஃபைலை மூடிவிட்டார்கள். நான் நிதானமாக நடந்துகொண்டேன் என்று மேடம் எல்லார் முன்னாலும் பாராட்டினார். கை தட்டினார்கள்.

வீட்டில் உனக்கும் சேர்த்துத் தட்டு போட்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் உன் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. “நான் என்னடி பண்றது? அவன் விறுவிறுன்னு போயிட்டான். இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எப்படி அவன் பின்னாடி ஓடுறது?” என்றேன்.

உன் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னாள்: “யாரு உங்களை ஓடச் சொன்னா? உக்காந்த இடத்துல இருந்தே கூப்பிட்டிருக்கலாமே.”

உன் மாப்பிள்ளை